'வி' (2009): விமர்சகர்கள் உண்மையில் என்ன சொன்னார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேற்றுக்கிரகத் தொடர்கள் பற்றிப் பேச்சு வந்தாலே யாராவது ஒருவர் 'வி' மறு ஆக்கத்தை இழுத்துவிடுகிறார், உடனே அதே பத்துப் பன்னிரண்டு சந்தேகங்களும் வரிசையாக வந்துவிடுகின்றன. ஒவ்வொரு முறையும் தனித்தனியாகப் பதில் எழுதுவதை விட ஒரே இடத்தில் போட்டு வைக்கலாம் என்று இதைத் தொகுத்தேன். கடைசி எபிசோட் வரை எல்லாக் கதையையும் உடைத்துத்தான் பேசியிருக்கிறேன், தெரிந்துகொள்ள விரும்பாதவர்கள் தொடரைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

'வி'ன்னு மூணு நாலு இருக்கே, நீங்க எதைப் பத்திப் பேசுறீங்க?

குழப்பம் வருவது நியாயம்தான். 1983 மே மாதம் அமெரிக்காவின் என்பிசி சேனலில் இரண்டு இரவுகள் ஓடிய குறுந்தொடர்தான் மூலம், எழுதி இயக்கியவர் கென்னத் ஜான்சன். 1984-ல் அதன் தொடர்ச்சியாக மூன்று இரவுகளுக்கு இன்னொரு குறுந்தொடர் வந்தது. அப்புறம் 1984-85-ல் வாராந்தரத் தொடராக 19 எபிசோட் ஓடி நின்றுபோனது.

இங்கே பேசுவது ஏபிசி சேனல் 2009 நவம்பர் 3 அன்று தொடங்கிய மறு ஆக்கம் பற்றி. முதல் சீசன் 12, இரண்டாவது சீசன் 10, மொத்தம் 22 எபிசோட். 2011 மார்ச்சில் கடைசி எபிசோட் வந்தது, மே மாதம் ரத்து அறிவிப்பு வந்தது.

கதை என்ன? பார்க்காதவங்களுக்குப் புரியற மாதிரி சொல்லுங்க.

உலகின் 29 பெருநகரங்களுக்கு மேலே ஒரே நேரத்தில் ராட்சதக் கப்பல்கள் வந்து நிற்கின்றன. கப்பலின் அடிப்பாகமே பெரிய திரையாக மாறி அதில் அன்னா என்ற அழகான பெண் தோன்றி, நாங்கள் சமாதானமாக வந்திருக்கிறோம், எங்கள் தொழில்நுட்பத்தை உங்களுக்குத் தருகிறோம் என்கிறாள். மருத்துவமனைகள் திறக்கிறார்கள், தீராத நோய்களைத் தீர்க்கிறார்கள், மக்கள் கொண்டாடுகிறார்கள். ஆனால் மனிதத் தோலுக்கு அடியில் அவர்கள் ஊர்வன. பல வருடங்களாகவே நம்மிடையே ஒளிந்து வாழ்ந்துகொண்டும் இருக்கிறார்கள்.

இதைக் கண்டுபிடிப்பவர் எரிக்கா எவன்ஸ் என்ற எஃப்பிஐ அதிகாரி (எலிசபெத் மிட்செல்). அவரோடு ஒரு கத்தோலிக்கப் பாதிரியார், தன் இனத்துக்கு எதிராகத் திரும்பிய ஒரு வேற்றுக்கிரகவாசி, ஒரு கூலிப்படைக்காரர் என்று சின்னக் கூட்டம் சேர்கிறது. எரிக்காவின் சொந்த மகன் டைலரோ அன்னாவின் மகள் லிசாவின் காதலில் விழுந்து அந்தப் பக்கம் நிற்கிறான்.

விமர்சகர்கள் யாருக்குமே பிடிக்கலையாமே?

இதுதான் அதிகம் பரவிய தவறான தகவல். முதல் எபிசோடுக்கு வந்த விமர்சனங்கள் பெரும்பாலும் நல்லவையே. வேகம், கப்பல்கள் வரும் காட்சியின் பிரமாண்டம், நடிகர் தேர்வு, குறிப்பாக அன்னாவாக வரும் மொரீனா பக்காரின், இதையெல்லாம் பாராட்டித்தான் எழுதினார்கள். 2004 முதல் 2009 வரை ஓடிய 'பேட்டில்ஸ்டார் கேலக்டிகா' மறு ஆக்கம் அப்போதுதான் முடிந்திருந்தது, பழைய அறிவியல் புனைவுத் தொடரை எடுத்து அதை விடப் பெரிய படைப்பாக மாற்ற முடியும் என்று அது காட்டியிருந்தது. அடுத்து அப்படி ஒன்று வருகிறதோ என்ற ஆசையும் அந்த விமர்சனங்களில் தெரிகிறது.

அப்போதே சந்தேகப்பட்டவர்களும் உண்டு. ஒரே எபிசோடில் கப்பல் வருகை, மக்களின் நம்பிக்கை, சதி, எதிர்ப்புக் குழு என்று எல்லாவற்றையும் திணித்துவிட்டார்கள், மனிதர்கள் ஏன் அவ்வளவு சீக்கிரம் நம்பினார்கள் என்பதே உறைக்கவில்லை என்ற குறை முதல் நாளிலிருந்தே இருந்தது. அடுத்தடுத்த எபிசோட்கள் வர வர அந்தக் குறையின் குரல்தான் உயர்ந்தது. ஆக, நல்ல தொடக்கம், பிறகு ஏமாற்றம், இரண்டாவது சீசனில் பிளவுபட்ட கருத்து. இதுதான் நடந்தது.

அப்போ ரேட்டிங் தளங்கள்ல நல்ல மார்க் இருக்கறதை நம்பலாமா?

நம்பலாம், ஆனால் அது எதற்குக் கொடுத்த மார்க் என்று பார்க்க வேண்டும். அந்தக் காலத்தில் அமெரிக்க சேனல்கள் விமர்சகர்களுக்கு முன்கூட்டியே அனுப்புவது முதல் எபிசோட், மிஞ்சினால் முதல் சில எபிசோட்கள். பத்திரிகைகளில் வந்த விமர்சனங்களில் பெரும்பகுதி அதை வைத்து எழுதியவை. சீசன் முடிந்த பிறகு திரும்பி வந்து முழுவதையும் எடை போட்டவர்கள் குறைவு, வாரா வாரம் எழுதியவர்களின் கருத்து அந்தச் சராசரிக்குள் சரியாக வருவதும் இல்லை.

அதனால் அந்த எண்ணை 'வி' தொடருக்கான மதிப்பெண் என்று எடுக்காமல் அதன் அறிமுகத்துக்கான மதிப்பெண் என்று எடுத்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன 'நல்ல தொடக்கம்' அதில் இருக்கிறது, ஏமாற்றம் அதில் இல்லை.

மொரீனா பக்காரினை மட்டும் எல்லாரும் ஏன் இப்படிப் புகழ்றாங்க?

புகழத் தகுந்த நடிப்பு, அவ்வளவுதான். தொடரைக் கிழித்துத் தொங்கவிட்டவர்கள்கூட அன்னாவைக் குறை சொல்லவில்லை. குட்டை முடி, சாம்பல் நிற உடை, தாழ்ந்த குரல், கண் சிமிட்டாத பார்வை. கேமராவுக்கு முன்னால் கனிவு, கேமரா நகர்ந்ததும் அதே முகத்தில் ஒன்றுமே இல்லை. புன்னகையை யாரோ சுவிட்சைத் தட்டி அணைத்த மாதிரி இருக்கும். பெரிதாகக் கத்தி மிரட்டும் வில்லத்தனத்தை அவர் தொடவே இல்லை, அதனாலேயே பயம் வருகிறது.

எனக்குப் பிடித்த காட்சி முதல் எபிசோடிலேயே வருகிறது. செய்தியாளர் சாட் டெக்கர் (ஸ்காட் வுல்ஃப்) அன்னாவைப் பேட்டி எடுக்கப் போகிறார். எங்களைக் கெட்டவர்களாகக் காட்டும் எந்தக் கேள்வியும் வேண்டாம் என்று கடைசி நிமிடத்தில் அவள் மென்மையாகச் சொல்கிறாள். அந்தப் பேட்டி அவருடைய தொழில் வாழ்க்கையையே தூக்கிவிடக்கூடியது. அவர் ஒத்துக்கொள்கிறார். துப்பாக்கியும் இல்லை, பல்லியும் இல்லை, ஆனால் ஆக்கிரமிப்பு அங்கேதான் நடக்கிறது. தொடர் முழுக்க இந்தத் தரத்தில் இருந்திருந்தால் இந்தக் கேள்வி பதிலுக்கே தேவை இருந்திருக்காது.

இது ஒபாமாவைத் தாக்கி எடுத்த தொடர்னு ஒரு பெரிய சர்ச்சை வந்துச்சே, அது என்ன?

காலத்தைக் கவனியுங்கள். ஒபாமா தேர்தலில் வென்று சரியாக ஒரு வருடம் ஆகும் வாரத்தில் தொடர் ஆரம்பிக்கிறது. நாடு முழுக்க மருத்துவக் காப்பீட்டுச் சீர்திருத்தம் பற்றிய சண்டை, அதே வாரக் கடைசியில் பிரதிநிதிகள் சபை அந்த மசோதாவை நிறைவேற்றுகிறது. இந்த நேரத்தில் திரையில் கவர்ச்சியான ஒரு புதிய தலைவர் எங்கிருந்தோ வந்து நம்பிக்கை, மாற்றம் என்று பேசுகிறார், இளைஞர்கள் மயங்குகிறார்கள், ஊடகம் அடிபணிகிறது, எல்லோருக்கும் இலவச மருத்துவம் என்கிறார். 'அனைவருக்கும் மருத்துவம்' என்று அரசியல்வாதிகள் பயன்படுத்திய சொல்லே வசனத்தில் வருகிறது. சிகாகோ ட்ரிப்யூன் இதழில் வந்த விமர்சனம் ஒன்று இந்த ஒற்றுமையை நேரடியாகச் சொன்னது, உடனே வலதுசாரிகள் சிலர் தொடரைக் கொண்டாட, இடதுசாரிகள் சிலர் முகம் சுளித்தார்கள். அப்படி ஒரு நோக்கம் எங்களுக்கு இல்லை என்று தயாரிப்பாளர்கள் மறுத்தார்கள்.

என் வாசிப்பில் இது ஒபாமா பற்றிய தொடர் இல்லை. சிக்கலே இது எதைப் பற்றிய தொடர் என்று அதை எடுத்தவர்களுக்குத் தெளிவில்லாமல் போனதுதான். எரிக்கா பயங்கரவாதத் தடுப்புப் பிரிவு அதிகாரி, வேற்றுக்கிரகவாசிகள் வருடக்கணக்கில் மறைந்து வாழும் உறக்கக் குழுக்கள், ஆக ஒரு பக்கம் செப்டம்பர் 11-க்குப் பிந்தைய பயம். இன்னொரு பக்கம் மருத்துவத்தைக் காட்டி மயக்கும் அரசியல். பாதிரியாரின் கதையில் மதமும் போலிக் கடவுளும். சாட் டெக்கர் கதையில் விலைபோகும் ஊடகம். நான்குமே நல்ல யோசனைகள், எதையும் கடைசி வரை இழுத்துப் போகவில்லை. உருவகம் இப்படி வழுக்கிக்கொண்டே இருந்தால் பார்ப்பவர்கள் தங்களுக்கு வேண்டிய அர்த்தத்தை அதில் ஊற்றத்தான் செய்வார்கள், அப்படித்தான் ஆனது.

பழசுதான் நல்லா இருந்துச்சுன்னு சொல்றது வெறும் சின்ன வயசு ஞாபகம்தானே? அந்த ரப்பர் முகமூடியெல்லாம் இப்போ பார்த்தா சிரிப்பு வருது.

ரப்பர் முகமூடி பழையதாகிவிட்டது, ஒத்துக்கொள்கிறேன். மூலத்தின் வில்லி, வேற்றுக்கிரகவாசி டயானா ஒரு கினி எலியை முழுசாக விழுங்கும் காட்சி 1983-ல் அமெரிக்காவையே அலற வைத்தது, இன்று அதன் கீழே உள்ள பொம்மைத் தலை கண்ணில் படுகிறது. ஆனால் விமர்சகர்கள் மூலத்தோடு ஒப்பிட்டது முகமூடியை வைத்து இல்லை.

ஜான்சன் முதலில் எழுதியது வேற்றுக்கிரகக் கதையே இல்லை. அமெரிக்காவில் பாசிசம் வந்தால் எப்படி இருக்கும் என்று சிங்க்ளேர் லூயிஸ் 1935-ல் ஒரு நாவல் எழுதினார், அந்தத் தூண்டுதலில் பிறந்த அரசியல் கதை அது. சேனலுக்கு வேறு மாதிரி வேண்டியிருந்ததால் பாசிஸ்டுகள் விண்வெளியிலிருந்து வந்தார்கள். அந்த எலும்புக்கூடு அப்படியே இருந்ததால்தான் மூலத்தில் எல்லாம் பொருந்துகிறது. வந்தவர்கள் முதலில் குறிவைப்பது விஞ்ஞானிகளை: உண்மையைக் கண்டுபிடிக்கக்கூடியவர்கள் அவர்கள்தான் என்பதால் பொய்க்குற்றம் சாட்டி, பதிவு செய்ய வைத்து, அக்கம்பக்கத்தாரை விட்டே காட்டிக்கொடுக்க வைக்கிறார்கள். ஐரோப்பாவில் யூதர்களுக்கு நடந்ததை நினைவிருக்கிற யாருக்கும் இது புரியும். புரியாதவர்களுக்காக ஆபிரகாம் பெர்ன்ஸ்டீன் என்ற கிழவர் இருக்கிறார், நாஜிக் கொடுமையிலிருந்து பிழைத்தவர். ஒரு விஞ்ஞானியின் குடும்பத்தை வீட்டில் ஒளித்து வைக்கலாமா வேண்டாமா என்று மகன் தயங்கும்போது, பழசிலிருந்து நாம் எதையாவது கற்றுக்கொண்டோமா என்ற கேள்வி அவரிடமிருந்து வருகிறது. வந்தவர்களின் சுவரொட்டிகளின் மேல் சிவப்புச் சாயத்தால், வெற்றியின் அடையாளமாக, 'வி' என்று எழுதப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவரும் அவர்தான். அந்தக் குறுந்தொடரே எதிர்ப்புப் போராளிகளுக்குச் சமர்ப்பணம் என்ற வரியோடுதான் தொடங்குகிறது.

மறு ஆக்கத்தில் இந்தச் சமூகம் காணாமல் போய்விட்டது. தெருவில் மக்கள் என்ன நினைக்கிறார்கள், யார் ஒத்துழைக்கிறார்கள், யார் பயந்து வாய்மூடி இருக்கிறார்கள், பக்கத்து வீட்டுக்காரர் என்ன செய்கிறார் என்பதே திரையில் இல்லை. ஒரு தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் நான்கைந்து பேர் கூடிப் பேசுவதுதான் உலக எதிர்ப்பு இயக்கம். 29 நகரங்களுக்கு மேல் கப்பல் நிற்கிறது, கதை நியூயார்க்கில் சில அறைகளைத் தாண்டவில்லை. இதைச் சொல்வதற்குச் சின்ன வயது ஞாபகம் தேவையில்லை, இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தாலே போதும்.

டைலர் மேல ஏன் எல்லாருக்கும் அவ்வளவு கோபம்?

நடித்த லோகன் ஹஃப்மன் மேல் பழியைப் போடுவது எனக்கு ஒப்பவில்லை. எழுதிய விதம்தான் பிரச்சினை. அம்மாவோடு சண்டை, லிசாவோடு காதல், மீண்டும் சண்டை, இதற்கு மேல் அந்தப் பாத்திரத்துக்கு எதுவும் தரவில்லை. உலகமே தலைகீழாகப் புரண்டுகொண்டிருக்கும்போது இவனுடைய காதல் தகராறு நேரத்தை எடுத்துக்கொள்கிறதே என்று விமர்சகர்களும் ரசிகர்களும் ஒருசேர எரிச்சலடைந்தார்கள்.

முந்தைய பதிலில் சொன்ன பெர்ன்ஸ்டீன் குடும்பத்திலும் ஒரு பையன் இருக்கிறான், டேனியல், ஆபிரகாமின் பேரன். வேலையில் நிலைக்காதவன், யாரும் மதிக்காதவன். வந்தவர்கள் ஒரு சீருடையையும் துப்பாக்கியையும் கொடுத்ததும் முதல் முறையாகத் தான் ஒரு ஆள் என்று உணர்கிறான், கடைசியில் தன் குடும்பத்தையே காட்டிக்கொடுக்கிறான். ஹிட்லரின் இளைஞர் படையில் சேர்ந்த ஆயிரமாயிரம் பையன்களின் முகம் அவனுடையது. டைலரின் இடம் அதே இடம்தான், ஆனால் அவனைக் காதல் கதாநாயகனாக்கியதில் அந்தப் பாத்திரம் சொல்ல வேண்டியது எல்லாம் போய்விட்டது. கோபத்தின் வேர் அங்கே இருக்கிறது என்று நினைக்கிறேன்.

கிராஃபிக்ஸ் மோசம்னு ஒருத்தர் சொல்றார், எம்மி விருதுக்கே பரிந்துரை ஆச்சுன்னு இன்னொருத்தர் சொல்றார். எது சரி?

இரண்டும் சரி. முதல் எபிசோடின் காட்சி விளைவுகள் எம்மி பரிந்துரை பெற்றன, கப்பல் நகரத்தின் மேல் வந்து நிற்கும் காட்சி இன்றைக்கும் தாங்குகிறது. குறை சொன்னவர்கள் பேசுவது கப்பலின் உட்புறத்தைப் பற்றி. அதற்கு அரங்கமே போடவில்லை. பச்சைத் திரைக்கு முன்னால் நடிக்க வைத்து, கணினியில் உருவாக்கிய அறைகளைப் பின்னால் சேர்த்தார்கள், ஸோயிக் ஸ்டுடியோஸ் நிறுவனம் செய்தது. வாராந்தரத் தொடரின் பட்ஜெட்டிலும் அவகாசத்திலும் அது துணிச்சலான முயற்சிதான். ஆனால் நடிகர்கள் தரையில் நிற்காமல் படத்துக்கு முன்னால் மிதப்பது போலத் தெரிந்தது, வாரம் தவறாமல் அங்கேயே கதை நடக்கும்போது கண் உறுத்தத்தானே செய்யும்.

நாலு எபிசோட் போட்டுட்டு நாலு மாசம் நிறுத்தினாங்களே, அதுதான் தொடரைக் கொன்னதா?

பெரிய அடி, மறுக்க முடியாது. முதல் எபிசோடை அமெரிக்காவில் சுமார் 1.4 கோடிப் பேர் பார்த்தார்கள், அந்த வருடத்தின் பெரிய தொடக்கங்களில் ஒன்று. நான்கு எபிசோட் முடிந்ததும் நிறுத்தம். 2010 மார்ச் 30 அன்று, அதுவும் சேனலின் பிரபலமான 'லாஸ்ட்' தொடர் முடிந்த கையோடு வரும் நல்ல நேரத்தில் திரும்பியபோது, பார்த்தவர்கள் கிட்டத்தட்டப் பாதி, சுமார் 70 லட்சம். இடையில் பொறுப்பாளரும் மாறினார்: தொடரை உருவாக்கிய ஸ்காட் பீட்டர்ஸ் இடத்தில் ஸ்காட் ரோசன்பாம் வந்தார்.

ஆனால் நிறுத்துவதற்கு முன்பே, அந்த நான்கு வாரத்துக்குள்ளேயே, எண்ணிக்கை ஒரு கோடிக்குக் கீழே இறங்கிவிட்டது. முதல் எபிசோடிலேயே எல்லாவற்றையும் கொட்டிவிட்டு அடுத்த மூன்றிலும் கதையை நகர்த்தாமல் வைத்திருந்ததன் விளைவு அது. இடைவெளி மட்டும் இல்லாமல் இருந்தால் பிழைத்திருக்கும் என்று சொல்பவர்கள் இந்த இறக்கத்தைக் கணக்கில் எடுப்பதில்லை.

ரெண்டாவது சீசன் நல்லா இருக்கும், முதல் சீசனைப் பொறுத்துக்கிட்டுப் பாருங்கன்னு சொல்றாங்க. உண்மையா?

வேகம் கூடியது உண்மை. 2011 ஜனவரி 4 அன்று தொடங்கிய இந்த சீசனை சேனல் 13-லிருந்து 10 எபிசோடாகக் குறைத்தது, அதனால் இழுவைக்கு இடமில்லை. மூலத்தில் டயானாவாக நடித்த ஜேன் பேட்லரை அதே பெயரில் அன்னாவின் அம்மாவாகக் கொண்டுவந்தார்கள், மகளே கப்பலின் அடியில் பதினைந்து வருடமாகச் சிறை வைத்திருக்கிறாள். அம்மா, மகள், பேத்தி என்று மூன்று தலைமுறை ஊர்வன அரசிகள். பக்காரினும் பேட்லரும் எதிரெதிரே நிற்கும் காட்சிகளை அநேகமாக எல்லோரும் ரசித்தார்கள், நானும்தான்.

பிடிக்காதவர்கள் சொன்னதிலும் நியாயம் உண்டு. மனிதர்களின் ஆன்மாவைப் பரிசோதனைக்கூடத்தில் தேடிப் பிடித்து அழிக்கப் பார்க்கிறாள் அன்னா, இந்த இழை கதையைக் கனமாக்குவதற்குப் பதிலாகக் குழப்பியது. மனிதப் பாத்திரங்கள் இன்னும் மெலிந்துபோனார்கள். பழைய நடிகர்களைக் கூட்டி வருவது ரசிகர்களைக் குளிர்விக்கும், மூலம் எதைப் பற்றிப் பேசியது என்பதை அது திருப்பிக் கொண்டுவராது.

முடிவு இல்லாத தொடராமே? அப்படின்னா பார்த்து என்ன பிரயோஜனம்?

முடிவு இல்லைதான். கடைசி எபிசோடில் டயானா, டைலர், ரயன் (எரிக்காவின் கூட்டத்தில் இருந்த வேற்றுக்கிரகவாசி) மூவரும் கொல்லப்படுகிறார்கள், தன் இனத்தவரை மயக்கி வைத்திருந்த அன்னாவின் சக்தி மனிதர்கள் மேலும் பாய ஆரம்பிக்கிறது, எரிக்காவை ஒரு ரகசிய அமைப்பு பாதாள அறைக்கு அழைத்துப் போகிறது. அங்கே வரவேற்பவர் மார்க் சிங்கர், மூலத்தின் கதாநாயகன். மூன்றாவது சீசன் வந்துவிடும் என்ற கணக்கில் எடுத்த முடிவு அது.

முழுக் கதை வேண்டும் என்பவர்கள் 1983 குறுந்தொடரிலிருந்து தொடங்குங்கள். மறு ஆக்கத்தில் முதல் எபிசோடையும், அன்னா எப்படி நடிக்கப்பட்டிருக்கிறாள் என்பதற்காக இரண்டாவது சீசனையும் பார்க்கலாம். நடுவில் உள்ளதைத் தவிர்த்தாலும் பெரிய நஷ்டமில்லை.

மூலத்தை எழுதினவரையே கூப்பிட்டிருந்தா சரியா வந்திருக்குமா?

கென்னத் ஜான்சனுக்கு இந்த மறு ஆக்கத்தில் பங்கில்லை. ஆனால் அவர் முன்னமே ஒருமுறை வெளியே வந்தவர் என்பதை மறக்கக் கூடாது: 1984 குறுந்தொடரிலிருந்து விலகி, அதன் திரைக்கதையில் தன் பெயருக்குப் பதில் ஒரு புனைபெயரைப் போட வைத்தார். அதற்குப் பிறகு வந்த வாராந்தரத் தொடர் லேசர் சண்டையும் குடும்பச் சண்டையுமாகப் போய் ஒரே வருடத்தில் நின்றது. அப்போதும் நடந்தது இதேதான், கருத்தை விட்டுவிட்டுப் பல்லிகளை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

அதனால் அவரை அழைத்தார்களா என்பதை விட, பாசிசம் ஒரு ஊருக்குள் எப்படி நுழைகிறது என்று வாராவாரம் காட்ட ஒரு பெரிய சேனல் அனுமதித்திருக்குமா என்று கேட்பதுதான் சரி. 1983-ல் இரண்டு இரவுகளுக்கு அனுமதித்தது. 22 எபிசோடுக்கு அனுமதித்திருக்குமா என்பதில் எனக்கு நம்பிக்கை குறைவு, ஆனால் பக்காரினை அன்னாவாக வைத்துக்கொண்டு, சாட் டெக்கர் பேட்டிக் காட்சியை எழுதத் தெரிந்தவர்களை வைத்துக்கொண்டு, ஒரு தடவையாவது முயன்று பார்த்திருக்கலாம்.